கிரேட்டோஸும் தோரும் மோதினால்

'காட் ஆஃப் வார்' வீடியோ விளையாட்டில் வரும் வீரன் கிரேட்டோஸும், மார்வெல் காமிக்ஸிலும் படங்களிலும் வரும் இடிக் கடவுள் தோரும், யார் துணையும் இல்லாமல் ஒற்றைக்கு ஒற்றை மோதினால் ஜெயிப்பது யார் என்பது கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சண்டை சீக்கிரம் முடிந்தால் கிரேட்டோஸ், இழுத்துக்கொண்டே போனால் தோர். யாருக்குப் பலம் அதிகம் என்று பார்த்து நான் இதைச் சொல்லவில்லை. பலத்தை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே முடியாது என்பது என் கட்சி.

ஏன் முடியாது? கிரேட்டோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த ஆட்டத்தில் டியரின் கோயில் என்று ஒரு பிரம்மாண்டமான கட்டடம் வரும். அதைச் சங்கிலியைப் பிடித்து இழுத்தே தலைகீழாகப் புரட்டிவிடுகிறான். கொஞ்ச நேரம் கழித்து அதே ஆள், பாதி அழுகிப்போன ஒரு பிணவீரன் நாலு வெட்டு வெட்டினால் செத்து விழுகிறான், நாம் பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தாவிட்டால். இதில் எது நிஜமான கிரேட்டோஸ்? இரண்டுமேதான். ஒன்று கதைக்காக, இன்னொன்று ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக. தோர் கதையும் இதேதான். 1962 ஆகஸ்டில் ஸ்டான் லீ, அவர் தம்பி லாரி லீபர், ஓவியர் ஜாக் கர்பி மூவரும் சேர்ந்து அவனை அறிமுகப்படுத்தினார்கள். அதற்கப்புறம் அறுபது வருடங்களில் எத்தனையோ எழுத்தாளர்கள் கைக்கு மாறிவிட்டான். ஒருவர் கையில் கிரகத்தையே ஆட்டிவைப்பான்; இன்னொருவர் கையில் சாதாரண வில்லனிடம் உதை வாங்குவான். பவர் ஸ்கேலிங், அதாவது கதாபாத்திரங்களின் பலத்தை அளந்து ஒப்பிடுவது என்று இதற்காகவே மல்லுக்கட்டும் கூட்டம் ஒன்று உண்டு. தன் ஆளின் ஆகச்சிறந்த பத்துப் பக்கத்தையும் எதிராளியின் ஆகமோசமான பத்துப் பக்கத்தையும் பொறுக்கியெடுத்து எதிரெதிரே வைப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான், அதனால் சொல்கிறேன்: அதில் விடை கிடைக்காது, தொண்டைதான் வற்றும்.

ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்குப் பலத்தைக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோக முடிந்தது பழக்கம் ஒன்றுதான். இந்த ஆள் சண்டையை எப்படி ஆரம்பிப்பான், அடி வாங்கினால் என்ன செய்வான், எதிரி விழுந்தால் என்ன செய்வான், எந்த இடத்தில் நிறுத்துவான் - இது எந்த எழுத்தாளர் எழுதினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை.

தோரின் பழக்கத்தைச் சொல்ல ஒரு காட்சி போதும். 2018-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தின் கடைசிக் கட்டம். வில்லன் தானோஸ், பிரபஞ்சத்தையே ஆட்டிவைக்கும் ஆறு மாயக் கற்களையும் கையில் வைத்திருக்கிறான். தோர் வானத்திலிருந்து ஸ்டார்ம்பிரேக்கர் கோடரியை வீசுகிறான். ஆறு கற்களின் சக்தியையும் கிழித்துக்கொண்டு அது போய்ப் பாய்கிறது. எங்கே? மார்பில். தலையில் இல்லை. உடனே கொன்றுவிடக் கூடாது, தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டும் என்பது அவன் கணக்கு. அருகில் போய் நின்று, ஆயுதத்தை இன்னும் ஆழமாக அழுத்துகிறான். அந்த இடைவெளியில் தானோஸ், தலையை அல்லவா குறிவைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே விரலைச் சொடுக்கி, பிரபஞ்சத்தில் பாதி உயிர்களை இல்லாமல் ஆக்கிவிடுகிறான்.

இப்போது அதே இடத்தில் கிரேட்டோஸை நிறுத்திப் பாருங்கள். 2010-இல் வந்த மூன்றாம் பாகத்தில் சூரியக் கடவுள் ஹீலியோஸின் தலையை வெறும் கையால் பிய்த்தெடுத்து, இடுப்பில் மாட்டிக்கொண்டு, இருட்டான இடத்தில் அதையே விளக்காகப் பயன்படுத்திய ஆள் அவன். மார்பில் அடிப்பதா தலையில் அடிப்பதா என்ற யோசனையே அவனுக்கு வராது.

இளவயதுக் கிரேட்டோஸ் செய்ததையெல்லாம் பட்டியல் போட்டால் படிக்கிறவருக்கு வயிற்றைப் புரட்டும். ஸ்பார்ட்டாவின் படைத்தலைவன். தோற்கப்போகும் நேரத்தில் போர்க்கடவுள் ஏரிஸைக் கூப்பிட்டு உயிரை அடகு வைத்தான். பதிலுக்குக் கிடைத்தது சங்கிலியோடு முன்கையில் சுட்டுப் பொருத்தப்பட்ட இரட்டைக் கத்திகள். ஏரிஸின் சூழ்ச்சியால் தன் மனைவியையும் மகளையும் தானே கொன்றான். அவர்களுடைய சாம்பல்தான் அவன் தோலில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த வெளுப்பு சாயமில்லை. 2005-இல் வந்த முதல் பாகத்தில் ஏரிஸைக் கொன்று அவன் பதவியில் உட்கார்ந்தான். அப்புறம் பொசைடன், ஹேடிஸ், ஹீலியோஸ், ஹெர்மிஸ், ஹீரா, கடைசியில் ஜீயஸ். கடல் கடவுள் செத்ததும் கடல் பொங்கி ஊரை மூழ்கடித்தது, சூரியன் செத்ததும் வெளிச்சம் போனது, ஹெர்மிஸ் செத்ததும் கொள்ளைநோய், ஹீரா செத்ததும் செடிகொடிகள் கருகின. ஒவ்வொரு முறையும் தன்னால் உலகம் ஒரு படி நாசமாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அடுத்த கடவுளைத் தேடிப் போனான்.

ஜீயஸ் சாகும் காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிரேட்டோஸின் கண் வழியாகக் காட்டுவார்கள். கீழே அப்பா, நாம் பொத்தானை அழுத்த அழுத்த முகத்தில் குத்து விழுகிறது. திரையில் ரத்தம் தெறித்து, தெறித்து, முழுக்கச் சிவப்பாகி ஒன்றுமே தெரியாமல் போகிறது. அப்போதும் ஆட்டம் தானாக நிற்காது. நாம் பொத்தானை விடும்வரை அவன் குத்திக்கொண்டே இருப்பான். முதல்முறை ஆடியபோது நான் எவ்வளவு நேரம் அழுத்தினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. ஜீயஸைத்தான் ரோமானியர்கள் ஜூபிடர் என்றார்கள். அவர்கள் கணக்கில் வியாழக்கிழமை ஜூபிடரின் நாள். வடக்கே ஜெர்மானிய மக்கள் அந்த வார நாட்களை எடுத்துக்கொண்டபோது, இடியை வைத்திருக்கும் கடவுள் நம்மிடமும் இருக்கிறாரே என்று அதே நாளுக்குத் தோரின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றைக்கும் அது தோரின் நாள்தான். நம் வியாழனும் அதே கோள்தான். ஆகவே ஒரு வியாழக்கிழமைக் கடவுளைக் கிரேட்டோஸ் ஏற்கெனவே கொன்றுவிட்டான். மின்னல் வீசுகிற ஆளோடு சண்டை போடுவது அவனுக்குப் புதிய விஷயம் இல்லை.

அவனுக்குத் தோர் என்ற பெயரும் புதிதில்லை. 2022 நவம்பரில் வந்த 'ரக்னராக்' பாகத்தில் தோர் உண்டு. மார்வெல் தோர் அல்ல, வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்திலிருந்து எடுத்த தோர்: பெரிய தொந்தி, சிவந்த தாடி, குடி, மகன்களைப் பறிகொடுத்த துக்கம். சண்டையின் நடுவே சுத்தியலால் ஓர் அடி. கிரேட்டோஸ் விழுந்தவன் எழவில்லை. சரி, தோற்றுவிட்டோம், மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆட வேண்டும் போல என்று கன்ட்ரோலரை மடியில் வைத்தேன். ஆனால் தோர் விடவில்லை. சண்டை எப்போது முடிகிறது என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று கத்தியபடி சுத்தியலைக் கிரேட்டோஸ் மார்பில் வைத்து, மின்னலைப் பாய்ச்சி, செத்தவனை எழுப்புகிறான். எழுந்த கிரேட்டோஸ் கொடுத்த அடியில் தோரின் பல் ஒன்று தெறித்து விழுகிறது. தோருக்கு அதில் கோபம் வரவில்லை, திருப்திதான்.

இந்தக் காட்சியைக் கிரேட்டோஸ் ரசிகர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். மின்னல் சுத்தியலால் கிரேட்டோஸைக் கொல்ல முடியும் என்பதற்கு அவனுடைய கதையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அதே சமயம், சாவு அவனுக்கு ஒரு முற்றுப்புள்ளியாக என்றுமே இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாகத்தில் ஏரிஸ் எறிந்த தூண் உடம்பைத் துளைத்து, பாதாளத்துக்குப் போய், அங்கிருந்து ஏறி வந்தான். இரண்டாம் பாகத்தில் ஜீயஸ் கொன்றான், பூமித்தாய் கையா காப்பாற்றினாள். மூன்றாம் பாகத்தின் முடிவில் தன்னைத் தானே வாளால் குத்திக்கொண்டான், அப்போதும் சாகவில்லை. ஆனால் கவனியுங்கள், பெரும்பாலும் யாரோ ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஒற்றைக்கு ஒற்றை, துணை கிடையாது என்று கேள்வியிலேயே இருப்பதால், இந்தச் சண்டையில் ஒருமுறை செத்தால் செத்ததுதான் என்று வைத்துக்கொள்வோம்.

இனி தோரின் பக்கம் நியாயமாக நிற்கிறேன். அவனுடைய பலம் சுத்தியல் என்று பலரும் நினைக்கிறார்கள். 2017-இல் வந்த மூன்றாவது தோர் படமே அதை உடைத்துவிட்டது: மரண தேவதை ஹெலா ஒற்றைக் கையால் மியோல்னிர் என்ற அந்தச் சுத்தியலை நொறுக்குகிறாள், ஒரு கண்ணையும் பிடுங்கிவிடுகிறாள், அதற்கு அப்புறம்தான் இடி தனக்குள்ளேயே இருப்பது தோருக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால் தோரின் உண்மையான பலம் தாங்குவது. 'இன்ஃபினிட்டி வார்' படத்தில், குள்ளர்கள் ஆயுதம் செய்யும் நிடவெல்லிர் உலையை மறுபடி பற்றவைக்க, ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தின் கதிர் முழுவதையும் உடம்பில் வாங்கிக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். காமிக்ஸிலும் அப்படித்தான். எண்பதுகளில் வால்ட் சைமன்சன் எழுதிய தொடரில், எலும்பு முறிந்தால் ஆறாது, ஆனால் சாகவும் முடியாது என்று ஹெலா சாபம் கொடுக்கிறாள். உடம்பெல்லாம் நொறுங்கிய நிலையில் கவசத்தைப் போட்டு உடலை நிமிர்த்திக்கொண்டு, உலகைச் சுற்றிக்கிடக்கும் பாம்பு யோர்முன்காண்டரோடு மோதுகிறான். 1987-இல் வந்த 380-ஆம் இதழ். பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படமாக இதழ் முழுவதும் அந்தச் சண்டைதான். பாம்பு சாகிறது. தோரின் எலும்புகள் மாவாகிவிடுகின்றன. மூலப் புராணத்தில் பாம்பைக் கொன்ற தோர் ஒன்பது அடி நடந்து விஷத்தால் விழுந்து சாவான். சைமன்சன் அதைவிடக் குரூரமான முடிவைக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட ஆளை முதல் பத்து நிமிடத்தில் முடிக்கவில்லை என்றால் அப்புறம் முடிக்க முடியாது. அடி வாங்க வாங்க ஏறிக்கொண்டே போகிறவன் தோர். கிரேட்டோஸ் அப்படியல்ல. முதல் அடியிலிருந்தே முழு வேகம். கோபம் பொங்கும்போது அதற்கும் மேலே. ஆனால் அந்தக் கோபம் தீர்ந்துபோகிற சரக்கு. ஆட்டத்திலேயே அதற்கு ஓர் அளவுக்கோடு இருக்கிறது, வடிந்தால் மறுபடி சண்டை போட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

அப்புறம் வானம். தோர் பறப்பான், கிரேட்டோஸ் பறக்க மாட்டான். இக்காரஸின் சிறகுகள் கொஞ்ச காலம் இருந்தன, ஆனால் அவற்றால் மிதந்து இறங்கலாமே தவிர தோர் மாதிரி மேகத்துக்கு மேலே போய்விட முடியாது. இங்கே தோர் புத்திசாலியாக இருந்தால், உயரத்தில் நின்றபடி மின்னலை இறக்கிக்கொண்டே இருக்கலாம். கிரேட்டோஸ் கோடரியை எறிவான், அது திரும்பிக் கைக்கு வந்துவிடும். டிராப்னிர் ஈட்டியை எறிவான், தன்னையே பிரதி எடுத்துக்கொள்ளும் மோதிரத்திலிருந்து செய்தது என்பதால் எத்தனை எறிந்தாலும் தீராது. ஆனாலும் நல்ல தூரத்திலிருந்து நடக்கிற சண்டை தோரின் சண்டைதான்.

ஆனால் தோர் அப்படிச் சண்டை போட மாட்டான்! பழக்கம் என்று சொன்னேனே, அதுதான் இங்கே வேலை செய்கிறது. எதிரே ஒரு நல்ல வீரன் நின்றால் தோருக்குக் கை அரிக்கும், இறங்கி வந்துவிடுவான். இறங்கி வந்த ஆள்மீது அந்தச் சங்கிலிக் கத்திகள் ஒருமுறை மாட்டினால் போதும். கணுக்காலில் சங்கிலி சுற்றிக்கொண்டது, தோர் உயரக் கிளம்புகிறான், கிரேட்டோஸும் கூடவே தொங்கிக்கொண்டு போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மாதிரி பெரிய டைட்டன்களின் உடம்பில் தொங்கியும் ஏறியும் சண்டை போட்டுப் பழகியவனுக்கு அது ஏணிதான். ஒரு முழம், இன்னொரு முழம் என்று ஏறி முதுகைப் பிடித்துவிடுவான். கைக்கு எட்டும் தூரத்தில் கிரேட்டோஸுக்கு இணை இல்லை. எதிரி என்ன செய்யப்போகிறான் என்பதை மனதிலேயே படித்துவிடும் ஹைம்டாலைக்கூட அந்தத் தூரத்தில்தான் முடித்தான்.

இந்த இடத்தில் தோருக்கு இருக்கும் நல்ல சீட்டு, மியோல்னிர் மேல் அவன் அப்பா ஒடின் போட்ட மந்திரம். தகுதி இல்லாதவன் அதைத் தூக்க முடியாது. 2011-இல் வந்த முதல் படத்தில் தோர் அதை ஒரு தடவை ரொம்ப அழகாகப் பயன்படுத்துவான்: தம்பி லோகியைக் கீழே கிடத்தி, மார்பில் சுத்தியலை வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவான். அடி கிடையாது, காயம் கிடையாது, ஆனால் எழுந்திருக்கவும் முடியாது. கிரேட்டோஸ் மார்பில் அதை வைத்தால்? கோயிலைப் புரட்டிய பலமெல்லாம் அங்கே எடுபடாது, ஏனென்றால் அது எடையல்ல, தீர்ப்பு.

அப்படியானால் கிரேட்டோஸுக்குத் தகுதி உண்டா? கிரேக்கக் காலத்து ஆளுக்கு நிச்சயமாக இல்லை. 2018 ஆட்டம் முதல் நார்ஸ் உலகில் வரும் தாடிவைத்த கிரேட்டோஸ் வேறு விஷயம். மகனை வளர்க்கிறான், வாயை அடக்கக் கற்றுக்கொள்கிறான், ரக்னராக் போரில் தோரை ஈட்டியால் குத்தி நிறுத்திய பின்னும் கொல்லாமல், பிள்ளைகளுக்காகவாவது நாம் மாற வேண்டும் என்று பேசுகிறான். தோரும் ஆயுதத்தைக் கீழே போடுகிறான். அதைப் பொறுக்காமல் தன் மகன் தோரைக் கொல்வது ஒடின்தான். அந்தக் கிரேட்டோஸ் மார்பிலிருந்து சுத்தியலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தோர் ஆச்சரியப்படுவான், அந்த ஒரு நொடி போதும்.

காமிக்ஸ் படித்தவர்கள் இன்னொன்றைக் கேட்பார்கள்: கடவுள்களைக் கொல்கிறவனைத் தோர் ஏற்கெனவே ஜெயித்திருக்கிறானே? ஆமாம், கோர். 2012-இல் ஜேசன் ஆரன் எழுதத் தொடங்கிய தொடரில் வருகிறவன். குடும்பத்தைப் பறிகொடுத்து, எந்தக் கடவுளும் உதவிக்கு வரவில்லை என்று வெறுத்து, கையில் கரிய வாளோடு கடவுள்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். கிரேட்டோஸின் ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம். அவனை ஜெயிக்க எத்தனை தோர் தேவைப்பட்டது தெரியுமா? மூன்று. வாலிபத் தோர், இன்றைய தோர், கடைசிக் காலத்துக் கிழட்டுத் தோர், மூவரும் ஒரே களத்தில். தனியாக அகப்பட்டபோது வாலிபத் தோர் குகையில் கட்டிவைக்கப்பட்டுச் சித்திரவதைதான் பட்டான். அதோடு போகவில்லை. 2014-இல் உளவுத்துறைக்காரர் நிக் ஃப்யூரி தோரின் காதில் ஏதோ கிசுகிசுத்தார், அவ்வளவுதான், சுத்தியல் கையை விட்டு விழுந்தது. அப்புறம் எவ்வளவு முயன்றும் தூக்க முடியவில்லை. சொன்னது என்னவென்று பிறகுதான் வெளியே வந்தது: கோர் நினைத்தது சரி, கடவுள்கள் யாருக்கும் லாயக்கில்லை என்பதுதான் அதன் சாரம். கிரேட்டோஸ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அவன் வாயைத் திறந்து தன் கதையைச் சொன்னாலே இந்தத் தோருக்குக் கை நடுங்கும்.

ஆக, கணக்கு. திரைப்படத் தோர், முகத்துக்கு முகம் நின்று ஆரம்பிக்கும் சண்டை: கிரேட்டோஸ், பத்துக்கு ஆறு. தூரத்தில், திறந்த வானத்தின் கீழ் ஆரம்பித்தால் அதுவே தலைகீழ். காமிக்ஸ் தோர், அதிலும் ஒடினின் சக்தியை முழுதாக வாங்கிக்கொண்ட அரசன் தோர் என்றால் கிரேட்டோஸை நான் களத்துக்கே அனுப்ப மாட்டேன். இளவயதுக் கிரேட்டோஸா வயதான கிரேட்டோஸா என்றால் கொலைக்கு இளையவன், சண்டைக்கு மூத்தவன். இளையவன் எதிரியின் பொறியில் நேராகப் போய் விழுவான், ஜீயஸிடம் அப்படித்தான் தன் தெய்வசக்தியை ஒரு வாளுக்குள் கொட்டி ஏமாந்தான்.

ஒரே ஒரு தோர் மட்டும் கிரேட்டோஸிடம் ஒரு நிமிடம்கூடத் தாங்க மாட்டான். 1962-இன் தோர். அந்தக் காலத்து விதிப்படி சுத்தியல் கையை விட்டு அறுபது நொடி பிரிந்தால், அவன் டொனால்ட் பிளேக் என்ற, காலை விந்தி நடக்கும் ஒல்லியான டாக்டராக மாறிவிடுவான். 'ரக்னராக்' ஆட்டத்தில் ஓர் இடத்தில் கிரேட்டோஸின் லெவியாத்தன் கோடரியும் மியோல்னிரும் ஒன்றையொன்று மோதி, பனியும் மின்னலும் அப்படியே உறைந்து மரம் மாதிரி நிற்கும். இரண்டு ஆயுதத்தையும் செய்தது புரோக், சிண்ட்ரி என்ற அதே இரண்டு குள்ளர்கள்தான் என்பதால் ஒன்றுக்கொன்று சளைத்தவை இல்லை. அந்தச் சண்டையில் இந்தத் தோரை நிறுத்துங்கள். சுத்தியல் உறைபனிக்குள் மாட்டிக்கொண்டது. இருவரும் வெறும் கை. குத்து, மறுகுத்து, நாற்பது நொடி, ஐம்பது நொடி. கிரேட்டோஸ் முழு வேகத்தில் முஷ்டியை ஓங்குகிறான். எதிரே திடீரென்று கோட்டு போட்ட ஒரு மருத்துவர், தன் கைத்தடியைத் தேடிக் கொண்டிருக்கிறார்.